இரண்டு முறை கூப்பிடு

காகேசாவா கிராமம்
ஆகஸ்ட் 20, ஷோவா 6-ஆம் வருடம்

கினு, கினு,

இரண்டு முறை எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள். உயிரோடு இருப்பவள்தான் கூப்பிடுகிறேன். செத்தவர்களுக்கு ஒரு முறைக்கு மேல் பெயர் சொல்ல வாய் வராது, அதனால்தான் நம் பக்கத்தில் வாசலில் நின்று யாரும் ஒரே முறை கூப்பிடுவதில்லை. செந்தாய் நகரத்துக்குப் போனவர்கள் இதையெல்லாம் மறந்துவிடுகிறார்கள் என்று கேள்வி. அதனால் சொல்லிவைக்கிறேன்.

என் பெயரைக் கண்டதும் அடுப்பில் போடாமல் இதுவரை படித்திருக்கிறாய் என்றால் உனக்கு என்னைவிடப் பொறுமை அதிகம்.

யோஷிசோ இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. போன வாரம் ஓபோன் பண்டிகை முடிந்தது. வரவேற்கிற தீ மூட்டினேன், கத்தரிக்காயில் குச்சி குத்திப் பசு செய்து வைத்தேன், கடைசி நாள் வழியனுப்புகிற தீயும் மூட்டினேன். ஊரிலுள்ள செத்தவர்கள் எல்லாரும் மரியாதையாக வந்தார்கள், மரியாதையாகத் திரும்பினார்கள். என் பிள்ளை மட்டும் போகவில்லை. அந்தி சாய்ந்தால் வாசலில் ஒரு ஜோடி வைக்கோல் செருப்பு, சொட்டச் சொட்ட ஈரமாக. எத்தனை வெயிலில் வைத்தாலும் காய்வதில்லை. அவன் கிண்ணத்தில் வைக்கிற சோறு குறைகிறது. எலி என்று சொல்லிவிடாதே. எலி தின்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆவியைத் தன்மேல் இறக்கிப் பேசுகிற, கண் தெரியாத ஒசேன் அம்மாளை வரவழைத்தேன். அவள் வாயிலிருந்து அவன் குரலே வந்தது. "அம்மா, குளிருது. தனியா இருக்கேன். கூட வர ஆள் வேணும்." "ஆளுன்னா யாருடா?" என்றேன். அதற்குள் அவன் போய்விட்டான். ஒசேன்தான் விளக்கம் சொன்னாள். "கல்யாணம் ஆகாம செத்த பிள்ளை. பொண்டாட்டியத் தவிர வேற எதைக் கேக்கும்?"

ஆகவே அவனுக்குக் கல்யாணப் படம் எழுதி மலைக்கோயிலில் மாட்டப்போகிறேன். ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்குச் செத்தவன் முகம். பெண்ணுக்கு உலகத்தில் இல்லாத ஒரு முகமும் இல்லாத ஒரு பெயரும். உயிரோடு இருப்பவளை எழுதிவிட்டால் அவன் அவளையே கூட்டிக்கொண்டு போய்விடுவான்.

ஓவியருக்கு அவன் முகம் வேண்டும். யாமாகாதா நகரத்தில் நீங்கள் இரண்டு பேரும் எனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்ட படம் உன்னிடம் இருக்கிறது. உன் பாதியை வெட்டிவிட்டு அவன் பாதியை மட்டும் அனுப்பு. உன் மூஞ்சி அந்தக் கோயில் பக்கமே வரக்கூடாது. இதை உன் நன்மைக்காகவும்தான் சொல்கிறேன்.

தோயோ

*

செந்தாய்
ஆகஸ்ட் 29

தோயோ அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை அடுப்பில் போடத்தான் எழுந்தேன். தையல் கடையில் கூட வேலை செய்கிற பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால் போடவில்லை. பொறுமை என்று தவறாக நினைத்துவிடாதீர்கள்.

அவர் ஆற்றோடு போன செய்தியை எனக்கு யார் சொன்னது தெரியுமா? ஓர் உப்பு வியாபாரி. அதுவும் சாம்பலைக் கூடப் புதைத்து முடித்த பிறகு. பனி உருகி மோகாமி ஆறு கரைபுரண்ட அந்த வசந்தத்தில், படகுக்காரர் மாட்டேன் என்று சொல்லியும், நீச்சல் தெரியாத மனிதர் தானே துடுப்பைப் பிடித்துக்கொண்டு எங்கே கிளம்பினார்? என்னிடம் வரத்தான். நீங்கள் வேண்டாம் என்ற பெண்ணைக் கட்டிக்கொள்ள வந்துகொண்டிருந்தார். எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம் நீங்கள்.

அதற்கு முந்தைய குளிர்காலம் உங்கள் வாசலில் நின்றது இன்னும் நினைவிருக்கிறது. காய்ந்த சீமைப்பனிச்சைப் பழம் ஒரு சரம் கொண்டுவந்திருந்தேன். "அத்தை" என்று வாய் திறந்தேன். உங்கள் பதிலை மறக்கவா முடியும்?

"யாருக்குடி அத்தை? நீ நெருப்புக் குதிரை வருஷத்துல பொறந்தவ. அந்த வருஷத்துக்காரி கட்டுனவனைத் தின்னுருவாள்னு ஊரே சொல்லுது. என் பிள்ளை என்ன உனக்குத் தீனியா?"

பழத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். போகிற வழியில் நானே தின்றேன், அழுதுகொண்டே.

படம் இத்துடன் இருக்கிறது. வெட்ட மனம் வரவில்லை, ஆனாலும் வெட்டினேன். ஒன்று மட்டும் முடியவில்லை. என் கை அவர் கைமேல் இருந்தது. அதை வெட்டினால் அவருடைய கையும் போய்விடும். அதனால் என் கிமோனோவின் கை மட்டும் அவர் பாதியில் தங்கிவிட்டது, அம்புச் சிறகு வரிசை போட்ட துணி. அதை எழுதவேண்டாம் என்று ஓவியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அம்புச் சிறகு மணப்பெண்ணுக்குக் கொடுக்கிற துணி என்பதால் அவருக்கு ஆசை வந்துவிடலாம்.

ஊர்க்காரர்கள் மூலம் தெரியவருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நவம்பரில் எனக்குக் கல்யாணம். ரின்சோ என்று பெயர், மனைவியை இழந்தவர், பச்சைப் பயறு அரைத்துப் பூசிய அரிசி உருண்டை விற்கிற கடை வைத்திருக்கிறார். நெருப்புக் குதிரை விஷயத்தைச் சொன்னேன். "நாள் முழுக்க அடுப்பு முன்னாடிதான் நிக்கிறேன், இன்னும் கொஞ்சம் நெருப்பு வந்தா என்ன?" என்று சிரித்தார்.

கினு

*

காகேசாவா
செப்டம்பர் 25

கினு, கினு,

படத்தை மாட்டியாகிவிட்டது. ஓவியர் கோசான் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார் என்று கோயில் குருக்கள் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டதால் மாப்பிள்ளையை மட்டும் பார்த்துவிட்டு இறங்கிவிட்டேன். பெண்ணுக்கு ஹனாயோ என்று பெயர் வைத்திருக்கிறோம். அப்படி ஒருத்தி சுற்றியுள்ள மூன்று ஊரிலும் இல்லை, விசாரித்துவிட்டேன்.

அன்றோடு செருப்பு வருவது நின்றது. கிண்ணத்துச் சோறு வைத்தபடியே இருக்கிறது. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு முதுகைச் சாய்த்துத் தூங்கினேன். அறுவடைக்காரர்கள் ஆற்றங்கரையில் சேப்பங்கிழங்குக் குழம்பு காய்ச்சினார்கள், நானும் போய் இரண்டு கிண்ணம் குடித்தேன். அந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டே குடித்தேன் என்றால் பார்த்துக்கொள்.

படம் அனுப்பியதற்கு நன்றி சொல்லவேண்டும். சொல்லிவிட்டேன்.

தோயோ

*

செந்தாய்
அக்டோபர் 12

தோயோ அம்மாவுக்கு,

ஒரே ஒரு கேள்வி கேட்க எழுதுகிறேன். அந்தக் கிமோனோக் கையை ஓவியர் எழுதினாரா, இல்லையா?

ஏன் கேட்கிறேன் என்றால், பத்து நாட்களாக அந்தி நேரத்தில் என் அறை வாசலில் யாரோ "கினு" என்று கூப்பிடுகிறார்கள். ஒரே ஒரு முறை. முதல் நாள் ரின்சோ என்று நினைத்துக் கதவைத் திறந்துவிட்டேன். யாருமில்லை. படியில் ஈர வைக்கோல் செருப்பு மட்டும் இருந்தது. இந்த நகரத்தில் வைக்கோல் செருப்பு போடுபவர்கள் யார்? வீட்டுக்காரம்மா அதை எடுத்துத் தெருவில் எறிந்து உப்பைத் தூவினாள். மறுநாள் அதே இடத்தில் அதே செருப்பு.

காலையில் எழுந்தால் என் வலது கை மட்டும் முழங்கை வரை சில்லிட்டு நனைந்திருக்கிறது. ஆற்று வாடை வருகிறது. கடையில் ஊசி பிடிக்க முடியவில்லை.

நான் பயந்த சுபாவக்காரி அல்ல என்று உங்களுக்கே தெரியும். உங்கள் வாசலுக்கே வந்தவள் நான். இப்போது பயமாக இருக்கிறது, தோயோ அம்மா. ஒருமுறை மலையேறிப் படத்தைப் பார்த்து எழுதுங்கள்.

கினு

*

காகேசாவா
அக்டோபர் 19

கினு, கினு,

ஓவியரிடம் நான் சொன்னேன். படித்துப் படித்துச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அதற்குமேல் என்ன வேண்டும் உனக்கு?

கல்யாணம் நெருங்குகிற பெண்களுக்கு இப்படிப் பிரமை வருவது உண்டு. எனக்கும் வந்தது. நீ குற்றவுணர்ச்சியில் தவிக்கிறாய், இன்னொருத்தனைக் கட்டப்போகிறோமே என்று. அதை என் பிள்ளை தலையில் கட்டாதே.

மலையேற எனக்கு முழங்கால் இடம் கொடுக்கவில்லை. இருக்கட்டும், உண்மையையே சொல்கிறேன். போய்ப் பார்க்க விருப்பமில்லை. பார்த்து, நீ சொன்னதுபோல் ஏதாவது இருந்துவிட்டால் படத்தை இறக்கவேண்டும். இறக்கினால் அவன் திரும்பவும் ஈரத்தோடு வாசலில் வந்து நிற்பான். ஒரு தாய் அதை எத்தனை நாள் பார்ப்பாள்? இப்போதுதான் எனக்குச் சோறு இறங்குகிறது. இதைக் கெடுக்காதே, பெண்ணே.

தோயோ

*

செந்தாய்
அக்டோபர் 28

தோயோ அம்மாவுக்கு,

இதை வீட்டுக்காரம்மாவின் மகளிடம் சொல்லி எழுதவைக்கிறேன். என் கை வரவில்லை. தோள் வரைக்கும் குளிர் ஏறிவிட்டது. மருத்துவர் காய்ச்சல் என்கிறார், உடம்போ பனிக்கட்டி போல் இருக்கிறது, அவருக்கே குழப்பம்.

நேற்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மழை பெய்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருமுனையில் ஒரு கல்யாண ஊர்வலம் நின்றிருந்தது. விளக்கு பிடித்தவர்கள், பெட்டி சுமந்தவர்கள், யாருக்கும் முகம் தெளிவாக இல்லை. நடுவில் அவர். தலைமுடியிலிருந்து தண்ணீர் வழிய, என் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபமாக இல்லை. சின்னப் பிள்ளை யாருக்காகவோ காத்திருக்கிறமாதிரி நின்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எழுந்து போய்விடலாம் என்று காலைக் கீழே வைத்தேன். ரின்சோ தோளைப் பிடித்து உட்காரவைத்தார். "நான் கூப்பிடுறேன், கேளு. கினு, கினு. கினு, கினு." சாயங்காலம் வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கடையையே திறக்கவில்லை.

நெருப்புக் குதிரை உங்கள் மகனைத் தின்றுவிடும் என்றீர்கள். இப்போது யாரை யாருக்குத் தீனி போடுகிறீர்கள்? உயிரோடு இருக்கையில் உங்கள் வீட்டுக்கு ஆகாத நான், செத்தால் ஆவேனா?

கோபத்தில் கேட்டுவிட்டேன். கோபம் போகட்டும். எனக்கு வாழவேண்டும் போல் இருக்கிறது, தோயோ அம்மா. ஒரு கடை, ஓர் அடுப்பு, சிரிக்கத் தெரிந்த ஒரு மனிதர். இவ்வளவுதான் கேட்கிறேன். மலையேறுங்கள்.

கினு

*

காகேசாவா
நவம்பர் 6

கினு, கினு,

ஏறினேன். தவழ்ந்து ஏறினேன் என்றுதான் சொல்லவேண்டும்.

ஓவியர் பெண்ணுக்கு ஊர்பேர் தெரியாத ஒரு முட்டை முகம்தான் எழுதியிருந்தார். கோயிலில் உள்ள எல்லாப் படத்திலும் அதே முகம்தான், சோம்பேறி மனிதர். உடம்பும் வெள்ளை மணக்கோலம்தான். ஆனால் வெள்ளைக்கு உள்ளேயிருந்து மாப்பிள்ளை கைமேல் நீட்டியிருந்த கை இருக்கிறதே, அதில் அம்புச் சிறகு. நிறம் இளம் பச்சை. அந்தப் புகைப்படத்தில் நிறம் ஏது? ஊரில் எல்லாரும் அம்புச் சிறகைக் கத்தரிப்பூ நிறத்தில் போடுவார்கள். நீ ஒருத்திதான் தளிர் இலை நிறத்தில் சாயம் போட்டு உடுத்தியவள். என் வாசலில் நின்ற அன்றும் அதைத்தான் உடுத்தியிருந்தாய்.

கோசானை ஆள் அனுப்பிக் கூட்டிவந்து கேட்டேன். "அழகா இருந்துச்சும்மா, விட மனசில்ல. முகத்தைத்தானே எழுதக்கூடாதுன்னீங்க, துணில என்ன வந்துச்சுன்னு நெனச்சேன்." "இந்தப் பச்சை எங்க இருந்து வந்துச்சு?" என்றேன். அவர் படத்தை உற்றுப்பார்த்தார். "நான் கத்தரிப்பூ நிறம்தான் போட்டேன். சத்தியமா அதான் போட்டேன்." அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. முட்டை முகத்தின் கீழ் உதட்டோரம் ஒரு மச்சம். உனக்கு இருக்கிற இடத்திலேயே. அதையும் அவர் எழுதவில்லை.

குருக்கள் படத்தை இறக்கி எரித்துவிடலாம் என்றார். யோஷிசோவும் அதில்தானே இருக்கிறான், எரிக்க எனக்குக் கை வருமா? கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கி, பெண்ணை மட்டும் சுற்றிலும் வெட்டி எடுத்தேன். கை, மச்சம், எல்லாம். கோயில் முற்றத்தில் தீயில் போட்டேன். ஈரக் கட்டை மாதிரி புகைந்து புகைந்துதான் எரிந்தது.

இறங்கி வருவதற்குள் வாசலில் செருப்பு வந்துவிட்டது. "வந்துட்டியாடா? வா, உள்ள வந்து உக்காரு" என்றேன். வேறு என்ன சொல்ல? அவனைத் திட்டவில்லை. உன் கிமோனோக் கையை விட்டுவிட்டான். இப்போது என்னுடையதைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அந்தியானதும் என் வலது கை நனைந்துவிட்டது. பரவாயில்லை, பிழியத் தெரிந்த கைதான்.

நீ பிழைத்துக்கொள்.

தோயோ

*

செந்தாய்
நவம்பர் 11

தோயோ அம்மாவுக்கு,

இதை என் கையாலேயே எழுதுகிறேன். ஆறாம் தேதி மத்தியானம் தோளிலிருந்து சூடு இறங்கிவந்தது. விரல் நுனிவரை வந்ததும் அழுதுவிட்டேன். ரின்சோ ஓடிவந்து பார்த்துவிட்டு அவரும் அழுதார்.

பதினைந்தாம் தேதி கல்யாணம். ஒன்று கேட்கிறேன், பிடிவாதம் பிடிக்காதீர்கள். அந்த வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்துவிடுங்கள். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருக்கிறது, அடுப்புச் சூடு சுவர் வழியாக வரும், துணி நன்றாகக் காயும். ரின்சோவிடம் சொல்லிவிட்டேன். "தொட்டுக்க ஊறுகாய் போடத் தெரியுமான்னு மட்டும் கேளு" என்றார். அவர் அப்படித்தான்.

அந்த ஈரத்தோடு நீங்கள் தனியாக இருப்பதை நினைத்தால் எனக்கு மனம் பதறுகிறது. உங்களை எனக்குப் பிடிக்கும் என்று சொல்லவரவில்லை. பதறுகிறது, அவ்வளவுதான்.

கினு

*

காகேசாவா
நவம்பர் 20

கினு,

கல்யாணம் நன்றாக நடந்தது என்று தெரியும். ஊறுகாய் போடத் தெரியும் என்று அவரிடம் சொல்.

ஒசேன் அம்மாள் அன்றைக்குப் பாதியைத்தான் கேட்டாள். மீதியை அவளே இட்டுக்கட்டிவிட்டாள். நானாவது அவனிடம் நேராகக் கேட்டிருக்கலாம். போன வாரம்தான் கேட்டேன். "உனக்கு யாருடா வேணும்? பொண்டாட்டியா?" இல்லையென்று தலையாட்டினான். "ஆத்தைத் தாண்டணும்மா. எல்லாரும் தாண்டிட்டாங்க. தண்ணி நிறைய போகுது. எனக்குப் பயமா இருக்கு."

செத்தவர்கள் கடக்கிற ஆற்றைச் சொன்னான். ஆற்றில் செத்தவனுக்கு அந்த ஆற்றைப் பார்த்தால் எப்படி இருக்கும்? இது எனக்கு ஏன் தோன்றவில்லை? சின்ன வயதில் மதகுப் பலகையைத் தாண்டக்கூட என் கிமோனோக் கையைப் பிடித்துக்கொண்டுதான் வருவான். படத்தில் ஒரு கை கிடைத்தது, பிடித்துக்கொண்டான். உன்னைக் கொண்டுபோக நினைக்கவில்லை அவன். அவனைத் தப்பாக நினைக்காதே.

"வாடா, நான் வரேன்" என்றேன். முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. தண்ணீர் நாம் பயந்த அளவுக்கு ஆழமில்லை, முழங்கால்தான். நடுவில் ஒரு இடத்தில் நின்றுவிட்டான். "கையைக் கெட்டியாப் பிடிச்சுக்க, கீழ பாக்காத" என்றேன். வந்துவிட்டான்.

செருப்பு காய்ந்துவிட்டது.

தோயோ

*

செந்தாய்
நவம்பர் 26

நீங்கள் பதினான்காம் தேதி ஆற்றங்கரையில் பனியில் இறந்துகிடந்தீர்கள் என்று குருக்கள் தந்தி கொடுத்திருந்தார். கல்யாண நாள் என்று ரின்சோ அதை மறைத்து வைத்து, மறுநாள்தான் காட்டினார். குருக்களின் கடிதமும் பிறகு வந்தது. உங்கள் வலது கை எதையோ பிடித்திருப்பதுபோல் மடங்கியிருந்ததாம். விரலைப் பிரிக்க முடியாமல் அப்படியே தகனம் செய்தார்களாம். உங்கள் வாசலில் காய்ந்த வைக்கோல் செருப்பு ஒரு ஜோடி இருந்ததாகவும், அது யாருடையது என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். எனக்குத் தெரியும்.

நேற்றுக் கதவிடுக்கில் இருபதாம் தேதி போட்ட உங்கள் கடிதம் கிடந்தது. தபால்தலை இல்லை. ஓரம் ஈரமாக இருந்தது. பிரித்ததும் முதல் வரியைப் பார்த்தேன். கினு என்று ஒரே முறை எழுதியிருந்தீர்கள். அப்படிக் கூப்பிட்டால் பதில் பேசக்கூடாது என்பது எனக்கும் தெரியும். ரின்சோ, "வேண்டாம், எரிச்சுடு" என்றார்.

முழுவதும் படித்தேன். நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. கரை சேர்ந்துவிட்டோம் என்று சொல்லத்தான் எழுதியிருக்கிறீர்கள், ஊருக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் எழுதுகிறமாதிரி. அதற்குப் பதில் எழுதாமல் இருக்க என்னால் முடியாது.

கடைக்குப் பின்னால் அந்த அறையில் உங்களுக்கென்று விரித்த படுக்கையை இன்னும் மடிக்கவில்லை. சீமைப்பனிச்சைப் பழம் ஒரு சரம் வாங்கிவந்து ஜன்னலில் கட்டியிருக்கிறேன். இந்த முறை திருப்பிக் கொடுக்க முடியாது உங்களால்.

இந்தக் கடிதத்தை அடுப்பில் போடப்போகிறேன், அதுதான் உங்களுக்குப் போகிற வழி. அதற்கு முன் ஒன்று சொல்லவேண்டும். அன்று உங்கள் வாசலில் பயத்தில் ஒரே முறைதான் சொல்ல வந்தது. இப்போது நான் உயிரோடு இருக்கிறேன், நீங்கள் கொடுத்த உயிர். அதனால் சரியாகவே கூப்பிடுகிறேன்.

அத்தை, அத்தை.

கினு